புதைக்கும் முன் அறுத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கே உள்ள கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. விசைப்படகுகளின் இழுவலைதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பெரும்பங்கு அதுதான் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் கருதுவது வேறு, நிறுவுவது வேறு. மக்கள் பார்வைக்கு ஆண்டுதோறும் வருவது செத்தவற்றின் எண்ணிக்கை. எது எதனால் செத்தது என்ற கணக்கு வருவதில்லை. கரை ஒதுங்கும் ஆமை, ஓங்கில், ஆவுளியா எனும் கடற்பசு, திமிங்கலம் ஆகியவற்றின் சாவுக்குக் காரணம் தேடுவதை, பரபரப்பான ஆண்டுகளில் மட்டும் செய்யும் அவசர வேலையாக விடாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் நிலையான பணியாக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

செத்த ஆமையின் அடி ஓட்டை முறையாக அறுத்து எடுத்தால் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. உடற்கொழுப்பு செழிப்பாக இருந்து, தசை திரண்டு, இரைப்பையில் அண்மையில் தின்ற நண்டும் மீனும் கிடந்தால், அந்த ஆமை சாகும் வரை நலமாக மேய்ந்திருக்கிறது, சாவு திடீரென வந்திருக்கிறது என்று பொருள். மூச்சுக்குழாயில் நுரையும் சேர்ந்து இருந்தால் வலையில் சிக்கி மூச்சடைத்திருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. மாறாக, கொழுப்பு கரைந்து, கண் குழிந்து, அடி ஓடு உள்வாங்கி, மேலோடெங்கும் கொட்டலசு அப்பிக் கிடந்தால் அது வாரக்கணக்கில் நோயோடு மிதந்த உயிர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆமை மூச்சடைத்துச் செத்தது என்பதற்கென்று தனி முத்திரை எதுவும் உடலில் பதிவதில்லை. நோய், நஞ்சு, படகு மோதிய காயம் என மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். விலக்குவதற்கு ஈரல், நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் சிறு துண்டுகள் ஃபார்மலினில் இடப்பட்டு நுண்ணோக்கியின் கீழ் போக வேண்டும். வெளிப்பார்வைக்குப் புடைத்த கண்ணும் வீங்கிய கழுத்தும் மட்டும் போதாது. அழுகலும் உடலை வீங்க வைக்கும்.

காரணம் தெரிந்ததுதானே, அறுப்பதால் என்ன புதிதாகக் கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது. அந்த விதியை மீறியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்போது, ஆமைகள் வேறு காரணத்தால் செத்தன என்று படகு உரிமையாளர் தரப்பு சொன்னால், மறுக்க ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே பருவத்தில் இரண்டு காரணங்கள் சேரலாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது பங்குனி ஆமைகள் கரை நாடும் காலத்தில். அந்த நாட்களில் ஒதுங்கிய ஆமைகளில் எது எண்ணெயால் செத்தது, எது வலையால் செத்தது என்பதை ஓட்டின் மேல் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கரையையும் நினைத்துப் பாருங்கள். 1973இல் 147 பைலட் திமிங்கலங்கள் மன்னார் வளைகுடாவில் கரையேறின. 2016 ஜனவரியில் அதே தூத்துக்குடிக் கரையில் 80க்கும் மேற்பட்டவை. இரண்டுக்கும் நடுவே நாற்பத்து மூன்று ஆண்டுகள். ஏன் கரையேறின என்பதற்கு இன்றும் எல்லோரும் ஏற்கும் விடை இல்லை.

விடாமல் அறுத்துப் பார்த்தால் எவரும் எதிர்பாராத காரணம்கூட வெளிப்படும் என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சான்று. அங்குள்ள மங்க் சீல்கள் உலகிலேயே சுமார் 1,600தான். செத்த சீல்களின் திசுக்களை ஆராய்ந்தவர்கள் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைக் கண்டார்கள். அதன் முட்டைகள் பூனைகளின் மலத்தில் மட்டுமே வெளிவரும். மழைநீர் அவற்றைக் கடலுக்கு அடித்துச் செல்லும். 2001 முதல் பத்துக்கும் மேற்பட்ட சீல்கள் இதற்குப் பலியாகியிருக்கின்றன. கடலில் வாழும் விலங்கைத் தெருப்பூனையின் ஒட்டுண்ணி கொல்கிறது என்பதைக் கரையில் நின்று உடல்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

நம் வெயிலில் உடல் அழுகிவிடுகிறதே என்பது நியாயமான தடை. செத்த ஆமை முதலில் மூழ்கி, வயிற்றில் வாயு சேர்ந்த பிறகே மேலெழும் என்பதால், கரைக்கு வரும்போதே பல உடல்கள் நாள்பட்டவை. ஆயினும் ஒவ்வொன்றையும் ஆய்வகத்துக்குத் தூக்கிச் செல்லச் சொல்லவில்லை. அழுகிய உடலிலும் நீளம், வலைத்தடம், எலும்பு முறிவு, இரைப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பதியலாம். அழுகாத உடல்கள் சில கிடைத்தாலும் அவற்றை உடனே பனிக்கட்டியில் வைத்து அனுப்ப ஆளும் வண்டியும் ஆயத்தமாக இருந்தால் போதும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வண்டலூரில் உள்ள வன உயிரின உயர்நிலை நிறுவனமும் நம்மிடம் இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. கடற்கரை மாவட்டம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரு உறைபெட்டி, முடிவுகளை வெளியிடும் பொறுப்பு ஆகியவையே தேவை.

கடைசித் தடைதான் மிகக் கடினமானது. புதிதாகச் செத்த உடலை முதலில் பார்ப்பவர் மீனவர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள ஆவுளியா தன் வலையில் செத்துக் கிடந்ததாகச் சொன்னால் அந்தச் சட்டம் தன்மேல் பாயும் என்று அவர் அஞ்சினால், அந்த உடல் கடலிலேயே போய்விடும். அதோடு தகவலும் போய்விடும். உயிரோடு சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களுக்கு உங்கள் துறை வெகுமதி தருகிறது. அது நல்ல வழி. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகத்தின் வெற்றியும் மீனவர்களின் நம்பிக்கையைப் பொறுத்ததே. எனவே தடைசெய்த இடத்தில் வலை போடாத ஒருவர் தற்செயலாகச் சிக்கிச் செத்த விலங்கைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அவர்மேல் வழக்கு வராது என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அந்த உத்தரவும் மாவட்ட மருத்துவர்களின் பெயர்ப் பட்டியலும் அடுத்த ஆமைப் பருவம் தொடங்கும் டிசம்பருக்கு முன்பே மீனவ கிராமங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.