நாய்க்கடியும் நம் பிள்ளைகளும்

பள்ளி விடுமுறையில் திக்லிபூரிலிருந்து தாயகம் செல்லவிருக்கும் குடும்பத்தார்க்கு இம்மாதம் ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். அந்தமான் நிகோபார்த் தீவுகளும் இலட்சத்தீவும் வெறிநாய்க்கடி நோய் காணப்படாத பகுதிகள் என மருத்துவ நூல்கள் கூறும். ஆதலின் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தெருநாயைக் கண்டு அஞ்சுவதில்லை. தமிழ்நாட்டிலோ அவ்வச்சமின்மையே ஆபத்தாக முடியும். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தோர் உலகிலேயே மிகச் சிலர்.

இந்நோயின் போக்கை நமக்குக் காட்டியவை ஆய்வுக்கூட விலங்குகளே. கடிவாயிற் புகுந்த கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. விலங்கின் காலில் கிருமியைச் செலுத்தி, அக்காலின் நரம்பை விரைவில் துண்டித்தபோது பல விலங்குகள் பிழைத்தன. நரம்பினுள் மறைந்து செல்லும் இப்பகைவனை உடலின் காவற்படை உரிய காலத்தில் உணர்வதில்லை. அதனை முன்கூட்டியே எழுப்புவதுதான் தடுப்பூசியின் பணி.

பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தை உலர்த்திக் கிருமியின் வலிமையைக் குறைத்தார்; அதனை நாய்களுக்குப் படிப்படியாகச் செலுத்திக் காப்பு உண்டாவதைக் கண்டார். 1885 ஜூலை 6-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அம்மருந்தை ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். நம் நீலகிரியில், குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் ஏற்றிய காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். 2005 அளவில் அம்முறை கைவிடப்பட்டது. இப்போதைய மருந்து உயிரணு வளர்ப்பில் செய்யப்படுவது. புயத்தில் சில ஊசிகளே போதும்.

ஊசி போட்டபின் காப்பு உண்டாக ஒரு வாரமேனும் ஆகும். கிருமி மூளையை அடையுமுன் காப்பு முந்திக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு நாளும் வீணாகலாகாது.

கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் அப்பாதீர். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க. இரத்தம் கசிந்த காயமாயின், ஆயத்தமாகச் செய்த எதிர்ப்பொருளையும் கடிவாயிலேயே ஏற்றுவர். தடுப்பூசியின் காப்பு வரும்வரை அது காவல் நிற்கும்.

கப்பலேறும் நாளை மருத்துவரிடம் முன்னரே கூறி, எஞ்சிய ஊசிகளை எங்கே போடுவதென்று கேட்டறிக. ஊசிச்சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவருக. கடல் குறுக்கிட்டது என்பதற்காக ஓர் ஊசியையும் தவறவிடலாகாது.