தரை துடைத்தால் சுகப்பிரசவமா?

"குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும்." இதைக் கேட்காமல் ஒன்பது மாதத்தைக் கடந்த பெண் தமிழ்நாட்டில் அரிது. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், வாட்ஸ்அப்பில் வரும் காணொளியும் சொல்லும். கூடவே ஒரு பட்டியலும் வரும்: ஆட்டுக்கல்லில் மாவாட்டு, குத்தவைத்துத் தரையைத் துடை, குடத்தில் தண்ணீர் எடு. கடைசியில் ஆபரேஷன் ஆகிவிட்டால், "உடம்பு வளைஞ்சு வேலை செய்யல, அதான்" என்ற தீர்ப்பும் தயாராக இருக்கும். தையல் பிரிக்காத வயிற்றோடு படுத்திருப்பவள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தீர்ப்பு தவறு. பல பெண்களுக்கு இது ஆபத்தும்கூட.

முதலில் ஆபரேஷன் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 34 அறுவை சிகிச்சை. 2019-21இல் அது 45. இடையிலிருந்த நான்கைந்து வருடத்தில் நம் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா? அதே ஆய்வில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு, தனியாரில் 64. மேற்கு வங்கத்தில் அரசு 23, தனியார் 83. வசதியான வீட்டுப் பெண்கள் வேலை செய்வதில்லை, அதனால்தான் தனியாரில் அதிகம் என்பார்கள். மேற்கு வங்கத்தின் அறுபது விழுக்காட்டு இடைவெளியை அம்மியும் ஆட்டுக்கல்லும் விளக்கிவிடாது. முதல் பிரசவம் ஆபரேஷன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் ஆபரேஷன். வலி முற்றும்வரை காத்திருக்க மருத்துவருக்கு நேரம் இருக்கிறதா, நடுராத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா, கட்டணம் எதற்குக் கூடுதல், குடும்பம் நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறதா என்பதெல்லாம் இதில் சேரும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, எத்தனை அறையைத் துடைத்தாலும் ஆபரேஷன்தான். பீகாரில் அதே ஆய்வில் விகிதம் பத்துக்கும் கீழே இருந்தது. அங்கே தேவைப்படும் பெண்கள் பலருக்கே ஆபரேஷன் கிடைப்பதில்லை. அதைப் போய் உழைப்பின் பலன் என்று சொல்ல முடியுமா?

தரை துடைத்தால் குழந்தையின் தலை சரியாகத் திரும்பும் என்பது அடுத்த வாதம். இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2,547 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் 37ஆம் வாரத்திலிருந்து தினமும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இடுப்பை அசைக்கச் சொன்னார்கள். 2004இல் வெளியான முடிவு: பிறக்கும் நேரத்தில் தலை தவறாகத் திரும்பியிருந்த குழந்தைகள் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவு.

நடமாட்டம் உண்மையிலேயே கைகொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. அது வலி எடுத்த பிறகு. அப்போது படுக்கையிலேயே கிடத்தாமல் நடக்கவும் நிமிர்ந்து உட்காரவும் விட்டால், பிரசவத்தின் முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மனதுக்குப் பிடித்த துணை ஒருவர் கூடவே இருந்தாலும் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. ஒன்பது மாதம் மாவாட்டச் சொன்னவர்கள், லேபர் வார்டில் அவளை நடக்க விடுவார்களா, கூட இருக்க அனுமதிப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நாங்க வயல்ல வேலை செஞ்சுக்கிட்டே பத்துப் பெத்தோமே?" பிழைத்தவர்கள்தான் இதைச் சொல்ல முடியும். 1933இல் இந்திய மருத்துவப் பணியின் தலைமை இயக்குநராக இருந்த ஜான் மெகாவ், ஆயிரம் பிரசவத்துக்கு 24 தாய்மாருக்கு மேல் இறப்பதாக மதிப்பிட்டார். 2018-20இல் தமிழ்நாட்டில் அது லட்சத்துக்கு 54.

அப்படியானால் உடம்பு அசையவே வேண்டாமா? கட்டாயம் அசைய வேண்டும். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஆனால் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அது நாளொன்றுக்கே சராசரி 289 நிமிடம் ஆகிறது. ஆணுக்கு 88. நடைப்பயிற்சி என்றால் மூச்சு வாங்கியதும் நிறுத்தலாம். உலையில் அரிசி கொதிக்கும்போது நிறுத்த முடியாது, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிரப்பியாக வேண்டும். புணே அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. வயல் வேலை, தண்ணீர் சுமப்பது என்று உழைப்பு மிகுந்த பெண்களின் குழந்தைகள் எடையிலும் தலைச் சுற்றளவிலும் குறைந்திருந்தன. தாயின் கர்ப்பத்துக்கு முந்தைய எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். ஊட்டம் குறைந்த உடம்பில் வேலைக்குச் செலவாகும் சத்து குழந்தைக்குப் போக வேண்டியதிலிருந்தே போகிறது.

ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். ஹீமோகுளோபின் 8 கிராம் என்று செவிலியர் ஒரு கர்ப்பிணியின் அட்டையில் எழுதுகிறார். 11 இருக்க வேண்டும்.

"மாத்திரை போடுறியாம்மா?"

"போடுறேன் சிஸ்டர். காலைல டீயோட."

டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று விளக்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். எல்லாருக்கும் செய்து அனுப்பிவிட்டு அப்படியே வந்துவிட்டாள். இனிப் போய்த்தான் சாப்பிட வேண்டும். மணி பதினொன்று. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. இவர்களிடம் போய் இன்னும் குனி, இன்னும் நிமிர் என்று சொல்வதை அறிவுரை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டு வேலையை மருந்தாகச் சொல்லும் அதே வாய், "வேலைக்குப் போறதாலதான் இந்த அலைச்சல், விட்டுடு" என்றும் சொல்கிறது. மணிக்கணக்கில் நிற்பதும் பாரம் தூக்குவதும் குறைப்பிரசவ வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றன என்பது உண்மை. அதற்கான பாதுகாப்பு 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டது. பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரங்களில் பெண் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. கடைகளில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. ஜவுளிக்கடையில் நிற்கும் கால்களும் அடுப்படியில் நிற்கும் கால்களும் ஒன்றுதான். கடையில் கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. வேலையை விட்டால் 26 வார விடுப்பும் அதற்கான சம்பளமும் போய்விடும், வீட்டு வேலை ஒரு நிமிடம்கூடக் குறையாது.

ஓய்வு கேட்பவளைச் சோம்பேறி என்பவர்கள்தான், வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். கடைசி மாதங்களில் கர்ப்பிணி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் தலைப்பிரசவத்தோடு சரி. இரண்டாவது முறை வளைகாப்பும் இல்லை, பல வீடுகளில் தாய்வீடும் இல்லை. மூத்தது இடுப்பை விட்டு இறங்காது, முதல் பிரசவத்தில் போன ரத்தமும் ஊறியிருக்காது. அவளுக்குத்தான் வேலை முன்னைவிட அதிகம்.

அந்த 289 நிமிடத்தில் குறைவது 88இல் கூட வேண்டும். தண்ணீர் எடுப்பது, சிலிண்டரை நகர்த்துவது, ஈரத்துணியைப் பிழிவது, மூத்த குழந்தையைத் தூக்கிப் போவது ஆகிய நான்கையும் தொடக்கத்திலிருந்தே கணவன் எடுத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் அவள் அரை மணி நேரம் காலாற நடந்துவிட்டு வரட்டும். அன்றைய இரவுச் சாப்பாட்டையும் அவனே பார்த்துக்கொள்ளலாம்.