போகும்போது மாலை, திரும்பினால் மனு!

பட்டாளத்தில் சிப்பாயாகச் சேருகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா? நூறு வேலி நிலம் வைத்திருப்பவனின் பேரனா? வேலூர் வட்டாரத்தில் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களைப் போய்ப் பாருங்கள். அரை ஏக்கர் மானாவாரியை நம்பிய குடியானவன், கூலிக்குக் களை எடுக்கும் தாய், ஆலை மூடிக் கிடந்து தெருவில் நின்ற தொழிலாளி — இவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் துப்பாக்கி தூக்குகிறார்கள்.

அந்தப் பிள்ளை எல்லையில் நிற்கும்வரை மந்திரிகள் மாலை போடுகிறார்கள்; மேடைக்கு மேடை 'ஜே' போடுகிறார்கள். அவன் 15, 17 வருஷம் உழைத்து, நாற்பது வயதுக்குள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியதும், அதே வாய்கள் "பென்ஷன் செலவு பெருத்துவிட்டது" என்று ஓலமிடுகின்றன. இந்த இரட்டை வேஷத்தைத்தான் இங்கே அம்பலப்படுத்த விரும்புகிறோம்.

உயிரோடிருக்க ஒரு சான்று

பென்ஷன் வாங்கும் படைவீரர் தாம் உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டும். ராணுவப் பென்ஷனை 'ஸ்பார்ஷ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு 2021 முதல் மாற்றத் தொடங்கினார்கள். விளைவு என்ன? 2022 ஏப்ரல் மாதப் பென்ஷன் 58,275 பேருக்கு மாதக் கடைசியில் வந்து சேரவில்லை. காரணம், அவர்களுடைய அடையாளத்தை பாங்கிகள் உறுதி செய்து அனுப்பவில்லையாம்! நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகே பணத்தை விடுவித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் செத்துப் போனவர்கள் மே மாதத்தில் பிழைத்து எழுந்தார்கள்.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையை யந்திரம் ஏற்க மறுத்தால் அந்தக் கிழவர் யாரிடம் போவார்? பஸ் ஏறி ஜில்லாத் தலைநகருக்குப் போக ஒரு நாள் கூலி போகிறது. கூட வரும் மகனுக்கும் கூலி போகிறது.

விதவைகளின் கதை இன்னும் கொடிது. சிப்பாயின் கல்யாணமும் பிள்ளைப் பிறப்பும் பட்டாளத்தின் 'பகுதி இரண்டு உத்தரவில்' ஏற வேண்டும். எங்கோ ஒரு ரெஜிமென்ட் ஆபீசில் பெயரின் ஓர் எழுத்து மாறிவிட்டால், பிறந்த தேதி தவறிவிட்டால், புருஷன் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் நின்றுபோகும். ஆதார் அட்டையில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர். எழுதியவன் செய்த பிழைக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தாய் பிரமாணப் பத்திரம் வாங்கி அலைகிறாள்.

ஒரே கண்ணிவெடி, மூன்று விலை

ஊனமுற்ற சிப்பாயிடம் சர்க்கார் சொல்லும் பழைய பாட்டு ஒன்று உண்டு: "உன் நோய் சேவையால் வந்ததுமல்ல, சேவையால் வளர்ந்ததுமல்ல." சேரும்போது டாக்டர் தட்டிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, "முழு ஆரோக்கியம்" என்று எழுதியவன் அவன். பத்து வருஷம் பனியிலும் பாலையிலும் கிடந்து நோயாளியானதும், அது அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த நோயாகிவிடுகிறது! பஞ்சாலையில் நுரையீரல் கெட்ட தொழிலாளியிடம் முதலாளியின் டாக்டர் சொல்வதும் இதையேதான் அல்லவா?

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது சேவையால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது. அதற்குப் பிறகும் சர்க்கார் ஓயவில்லை. ட்ரிபியூனலில் வென்ற நொண்டிச் சிப்பாயை மேல் கோர்ட்டுக்கு இழுத்தது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமிருக்கிறது, வென்றவனுக்குக் கொடுக்க மட்டும் மனமில்லை.

ஏழாவது சம்பளக் கமிஷன் செய்த சிபார்சைக் கேளுங்கள். நூறு சதவீத ஊனத்துக்கு மாதம் ஆபீசருக்கு 27,000 ரூபாய், ஜே.சி.ஓ.வுக்கு 17,000, சிப்பாய்க்கு 12,000. கண்ணிவெடி கால் யாருடையது என்று பார்த்தா வெடிக்கிறது? எதிர்ப்பு கிளம்பியதும் 2017-ல் பழையபடி சம்பளத்தில் சதவீதம் என்ற முறைக்குத் திரும்பினார்கள். ஆனால் ராணுவ சேவைப் படியில் அதே வேற்றுமை நிலைத்தது: ஆபீசருக்கு 15,500, ஜே.சி.ஓ.வுக்கும் சிப்பாய்க்கும் 5,200. பட்டாள வாழ்க்கையின் கஷ்டத்துக்காகத் தரப்படும் படி இது! ஆபீசருக்குக் கொடுப்பது அதிகம் என்று நாம் சொல்லவில்லை. அதே பதுங்கு குழியில், அதே குண்டுக்கு நடுவில் கிடப்பவனின் கஷ்டம் எப்படி மூன்றில் ஒன்றாயிற்று என்றுதான் கேட்கிறோம்.

சோற்றிலும் கை வைத்தார்கள்

உயரமான மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு வேகாது. பிரஷர் குக்கரும் மண்ணெண்ணெய் அடுப்பும் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. குளிரைத் தாங்க உடம்புக்கு அதிகச் சத்து வேண்டும். அதற்கென்று தனி ரேஷன் அளவும் உண்டு. இது காகிதத்தில்.

நடந்தது என்ன? 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது: குறித்த பண்டம் கிடைக்காதபோது மாற்றுப் பண்டத்தைச் சத்துக்குச் சத்து என்று கொடுக்கவில்லை, காசுக்குக் காசு என்று கொடுத்தார்கள். மாற்றுப் பண்டத்தின் விலை அதிகம். ஆகவே அளவு குறைந்தது. சிப்பாய்க்குச் சேர வேண்டிய கலோரி 82 சதவீதம் வரை குறைந்துபோனது. பனிக் கண்ணாடிக்கும் பற்றாக்குறை. எழுதியது எதிர்க்கட்சிக்காரரல்ல, சர்க்காரின் சொந்தத் தணிக்கையாளர்.

வாய் திறந்தவனுக்கு என்ன கிடைத்தது? 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஜவான் தேஜ் பகதூர் யாதவ், கருகிய ரொட்டியையும் தண்ணீராக ஓடும் பருப்பையும் படமெடுத்து நாட்டுக்குக் காட்டினார். ஏப்ரலில் அவருடைய வேலை போயிற்று.

இது புதிதல்ல. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் 'தல்வார்' தளத்தின் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கியதே மோசமான சோற்றையும் அதிகாரிகளின் வசவையும் எதிர்த்துத்தான். பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி அவர்கள் பக்கம் நின்றார்கள். வெள்ளையன் துப்பாக்கிக்கு மார்பு காட்டினார்கள். சிப்பாயின் தட்டும் தொழிலாளியின் தட்டும் ஒன்றே என்பதை அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

பணம் இல்லையாம்!

ஒரே பதவி, ஒரே சேவைக் காலம், ஒரே பென்ஷன் — இதைக் கேட்டு 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் கிழட்டு வீரர்கள் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆகஸ்ட் 14 அன்று, மெடல் அணிந்த மார்புகளைப் போலீஸ் பிடித்துத் தள்ளியது. நவம்பரில் உத்தரவு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் திருத்தம் என்றார்கள். 2019 ஜூலையில் வர வேண்டிய திருத்தத்துக்கு, சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, 2022 டிசம்பரில்தான் மந்திரிசபை தலையசைத்தது. பாக்கியைத் தவணை தவணையாகத் தருவோம் என்றார்கள். 2023 மார்ச்சில் கோர்ட்டே கெடு வைக்க வேண்டியிருந்தது. காத்திருந்தே கண்மூடியவர்களுக்கு எந்தத் தவணை?

"பணம் எங்கே?" என்கிறார்கள். சொல்கிறோம். 2019 செப்டம்பர் 20-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. 2025-26 பட்ஜெட்டில் ராணுவப் பென்ஷன் அனைத்துக்கும் ஒதுக்கியது சுமார் 1,60,000 கோடி. ஒரே நாளில் முதலாளிகளுக்கு விட்டுக் கொடுத்தது எவ்வளவு, லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வருஷம் முழுவதும் கொடுப்பது எவ்வளவு — நீங்களே நிறுத்துப் பாருங்கள். முதலாளிக்குக் கொடுத்தால் 'ஊக்கம்'. சிப்பாய்க்குக் கொடுத்தால் 'சுமை'!

பட்டாளத்துக்கும் ஒரு சுமங்கலித் திட்டம்

பென்ஷன் கேட்கும் சிப்பாயே இல்லாமல் செய்துவிட்டால்? அதுதான் 2022 ஜூன் 14-ல் வந்த அக்னிபத். நாலே வருஷம் வேலை. முதல் வருஷம் மாதம் 30,000, நாலாம் வருஷம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்தம். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். அறிவிப்பின்படி நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலைப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாலைத் தோழர்களே, இதை எங்கோ பார்த்த ஞாபகம் வரவில்லையா? ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் அடைத்து, கூலியில் பிடித்து, "முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை" என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டம்தானே இது? இங்கே சர்க்காரும் சமபங்கு போடுகிறது என்பது வித்தியாசம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தந்திரம் ஒன்றே: இளமையை எடுத்துக்கொள், மொத்தமாக ஒன்றைக் கையில் திணி, முதுமைக்குப் பொறுப்பேற்காதே. நிரந்தர வேலையை ஒழித்துக் காண்ட்ராக்ட் கூலியை மில்லுக்குள் புகுத்தியவர்கள், அதையே பட்டாளத்துக்குள்ளும் புகுத்திவிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மில் கேட்டில் காக்கி போட்டு நிற்கும் காவலாளியைப் பாருங்கள். பலர் முன்னாள் சிப்பாய்கள். பென்ஷன் போதாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். வேலைநிறுத்த நாளில் முதலாளி அவரை நமக்கு எதிரே நிறுத்துவான். அவரும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவருடைய எஜமானும் நம் எஜமானும் ஒருவனே. அவரிடம் பேசுங்கள்.

நாம் கேட்பவை இவை: உயிர்ச் சான்றுக்காக ஒருவருடைய பென்ஷனும் நிற்கக் கூடாது, முதியவர்களின் வீடு தேடி அதிகாரி வர வேண்டும். விதவையின் பெயர்ப் பிழையை ஆபீசே திருத்த வேண்டும். ஊனமுற்றவர் வென்ற வழக்கில் அப்பீல் கூடாது. ராணுவ சேவைப் படி எல்லோருக்கும் ஒன்றாக வேண்டும். அக்னிபத் ஒழிந்து நிரந்தர வேலையும் பென்ஷனும் திரும்ப வேண்டும்.

கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் போடும்போது முன்னாள் சிப்பாய்களையும் அழையுங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் விதவைகளின் மனுவை எழுதிக் கொடுங்கள். ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பாமல் கூட்டமாகக் கூடப் போங்கள். ஒற்றை மனு மேஜை மேல் தூங்கும். நூறு பேர் வாசலில் நின்றால் அது விழித்துக்கொள்ளும்!