உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளையை மறிக்காதீர்கள்



சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்கள், எமது பெண்பிள்ளைகளுக்கு ஆபத்தான மாதங்கள். வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் லயத்துக்கு வருவது அப்போதுதான். கொழும்பில் வீட்டு வேலை, கடை வேலை, கையில் முற்பணம் என்று பேசுவார்கள். பெறுபேறு வந்து, பிள்ளை சித்தியடைந்திருக்கிறாள் என்று தெரியும்போது அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.

நாட்டில் கட்டாயக் கல்வி 16 வயதுவரைதான். சட்டம் கையை விடும் அந்த இடத்தில்தான் பெற்றோரும் சங்கமும் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும்.

எமது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் உயர்தர வகுப்பு இல்லை. விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமானால் அட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று நகரத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே மகளிர் பாடசாலையொன்றில் இடம் கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதி. பிள்ளைக்கோ கஷ்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. விடியுமுன் எழுந்து மலைப் பாதையில் இறங்கி பஸ் பிடிக்கிறாள். பஸ் வராத நாளில் பிந்திப் போய்ப் பாடசாலை வாசலில் நிற்கிறாள். மாலையில் வந்தால் தண்ணீர், அடுப்பு, தம்பி தங்கை. எல்லாம் முடிந்த பிறகே புத்தகம்.

இதில் ஒரு கணக்கைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. பாடசாலை வாரத்தில் 5 நாள். வாரத்துக்கு ஒரு நாள் மறித்தாலே வரவு 80இல் வந்து நிற்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கீழே போய்விடும். பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கிறது, கைக்குழந்தையைப் பார், அம்மாவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு நில் என்று நாம் மறிப்பது பெண்பிள்ளையைத்தான். அண்ணனையோ தம்பியையோ யாரும் மறிப்பதில்லை. பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாததால் மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. நாம் சொல்கிறோம்.

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் ஆகிவிட்டன. அந்தத் தாமதத்தின் பாரத்தை இன்றும் எமது பிள்ளைகள் சுமக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் உயர்தரம் சித்தியடையாத பிள்ளைக்கு இந்தக் கதவுகள் எதுவும் திறக்காது.

ஆகவே, தோட்டக் கமிட்டிகளுக்கு நாம் சொல்வது இதுதான். மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று கணக்குப் பார்க்கும் நாம், எமது தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கணக்கு வைத்திருக்க வேண்டும். மாதர் தலைவிமார் அந்த வீடுகளுக்குப் போய் வரவைக் கேட்க வேண்டும். பிள்ளைக்காம்பரா ஒழுங்காகத் திறக்கப்படாவிட்டால் அதைத் தோட்ட நிர்வாகத்திடம் தொழில் பிரச்சினையாகவே எழுப்ப வேண்டும். காலை பஸ் நேரத்துக்கு வராவிட்டால் டிப்போவுக்குக் கடிதம் எழுத வேண்டும். சங்கக் கட்டடமோ வாசிகசாலையோ இருக்குமானால், இரவு ஒன்பது மணிவரை விளக்கெரியட்டும். பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்க, பிள்ளைகள் அங்கே படிக்கட்டும்.

பாடசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள். பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்துமுன், எங்கிருந்து வருகிறாள் என்று ஒருமுறை கேளுங்கள். வாரக்கணக்கில் வராவிட்டால் பெயரை வெட்டுமுன் எமது தோட்டத் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாம் வீட்டுக்குப் போய் அழைத்து வருகிறோம்.

அம்மாமாரே, உங்களை மலைக்கு அனுப்பும்போது யாரும் படிக்கிறாயா என்று கேட்கவில்லை. உங்கள் மகளிடம் நீங்கள் கேளுங்கள். இரண்டே வருடம். அவளை மறிக்காதீர்கள்.