ஐந்நூறாவது யூனிட்டில் ஓர் உடைப்பு

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் வரைய முடிந்தால் அது தொடர்ச்சியான சார்பு என்று கற்றிருப்பீர்கள். தவறில்லை, ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒரு சார்பு துண்டு துண்டாக வரையறுக்கப்பட்டிருந்தால் துண்டுகள் சேருமிடத்தையே கவனிக்க வேண்டும். நேர்கோட்டுத் துண்டுகளுக்குள் கவலையில்லை.

கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஆட்டோ ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு சென்னைக்கு அரசு விதித்த கட்டணம், முதல் 1.8 கி.மீ. வரை 25 ரூபாய். அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். (மீட்டர்படி வண்டி ஓடியதா என்பது வேறு கதை!) 1.8ஐ எந்தப் பக்கமிருந்து நெருங்கினாலும் கிடைப்பது 25தான். கோட்டின் சாய்வு மாறுகிறது, கோடு முறியவில்லை.

இனி அதே கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டின் மின் கட்டண அட்டையைப் பாருங்கள். 2022 செப்டம்பர் உயர்வுக்கு முன்பிருந்த கணக்கு இது. இரு மாதங்களில் 500 யூனிட் செலவானால், முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2 ரூபாய். மீதி 300க்கு 3 ரூபாய். நிலைக் கட்டணம் 30. ஆக 1,130 ரூபாய். 500ஐத் தாண்டினாலோ, முன்பு செலவான யூனிட்டுகளின் விலையும் 3.50, 4.60 என்று ஏறிவிடும். நிலைக் கட்டணம் 50. வலப்புறமிருந்து 500ஐ நெருங்கினால் 350 + 1,380 + 50 = 1,780. இடப்புற எல்லைக்கும் வலப்புற எல்லைக்கும் 650 ரூபாய் வேறுபாடு! கத்திரி வெயிலில் மின்விசிறியை இரண்டு இரவு கூடுதலாக ஓடவிட்ட குடும்பம் இதைக் கட்ட நேர்ந்தது.

அதிகம் செலவிடுவோர் அதிகம் தரட்டும், நான் மறுக்கவில்லை. அதற்குச் சாய்வைக் கூட்டினால் போதுமே, கோட்டை ஏன் முறிக்க வேண்டும்?

2022 செப்டம்பரில் நிலைக் கட்டணம் நீங்கியது. 101 முதல் 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய் என்று வந்தது, மொத்தம் 1,725. தாண்டினால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50, ஆகவே வலப்புற எல்லை 1,950. உடைப்பு 225ஆகக் குறைந்ததே தவிர மறையவில்லை. அந்த 225ஐ 500க்கும் 600க்கும் இடையே பரப்பிப் பாருங்கள். அங்கே யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு கூடும், கோடு ஒன்றுசேரும், 600க்கு மேல் செலவிடுவோரிடமிருந்து மின்வாரியத்துக்கு வருவதில் ஒரு காசும் குறையாது.