சவுனா வாங்கலையோ சவுனா!

போன வாரம் சென்னையிலேர்ந்து பழைய ரூம்மேட் போன் பண்ணான். "மச்சி, நீ பின்லாந்துலதானே குப்பை கொட்டறே? வீட்டுக்கு ஒரு சவுனா வாங்கலாம்னு இருக்கேன், எதுடா நல்லது?"ன்னான். ஆஹா, சிக்கிட்டான்டா ஒருத்தன்னு முக்கால் மணி நேரம் மூச்சு விடாம பேசினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு கடைசியா, "சரிடா, அந்தக் கலர் கலரா லைட்டு எரியுமே, பாட்டெல்லாம் பாடுமே, அதையே வாங்கிக்கறேன்"ன்னு வெச்சுட்டான்.

அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது.

சவுனா விஷயத்துல நம்மாளுங்க ரெண்டு தப்பு பண்றோம்ங்கறது என் கட்சி. இங்க இருக்கறவங்க, வீட்டோட சும்மா கிடைக்கற சவுனாவை ஸ்டோர் ரூமா மாத்திடறோம். காசு கொடுத்து வாங்கறவங்க, லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் காசைக் கொட்டிட்டு, பெஞ்சு எவ்வளவு உயரம், காத்து எந்தப் பக்கம் வருதுன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்லை. இந்த ரெண்டு தப்பையும் நானே பண்ணிட்டேன். அதனால பேச எனக்குத் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன் :-)

முதல் தப்புக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

பின்லாந்துல ஜனத்தொகை சுமார் 55 லட்சம், சவுனா சுமார் 30 லட்சம். சாதாரண ரெண்டு ரூம் ஃபிளாட்டுலயே பாத்ரூமை ஒட்டி மரத்தால ஒரு குட்டி ரூம் இருக்கும். நாங்க எஸ்போவுல வாடகைக்கு இருந்தப்ப அந்த ரூமைப் பாத்த உடனே தங்கமணி கண்ணு பளிச்சுன்னு ஆச்சு. "ஏங்க, ஷெல்ஃபு மாதிரி பலகையெல்லாம் அடிச்சே வெச்சிருக்காங்க!" அவ்வளவுதான். மேல் பெஞ்சுல சூட்கேஸ், கீழ் பெஞ்சுல அரிசி மூட்டை, மூலையில அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா கொலு பொம்மை. கல்லு அடுக்கின கரண்டு அடுப்புக்கு (கியுவாஸ்னு பேரு) மேல பையனோட பனி டிரெஸ்ஸைக் காயப் போடறது. எங்க வீட்டுல மட்டுமில்லைங்க, நான் போன முக்கால்வாசி தேசி வீட்டுல இதே கதைதான்.

2016 ஜனவரி. பொங்கலுக்கு நாலஞ்சு குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. குழந்தைங்க கண்ணாமூச்சி ஆடினப்ப ஒரு வாண்டு சவுனாக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு. போனதோட விட்டுதா, அடுப்புல இருந்த குமிழையும் திருகிட்டு வந்திருக்கு. அந்தக் குமிழ்ல ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் 4 மணி நேரம் உடனே எரியறதுக்கு. அதையும் தாண்டித் திருகினா, எத்தனை மணி நேரம் கழிச்சு எரியணும்ங்கற கணக்கு, 8 மணி நேரம் வரைக்கும் தள்ளிப் போடலாம். ஆபீஸ்லேர்ந்து வரும்போது சவுனா சூடா ரெடியா இருக்கணுமாம், அதுக்காகப் பண்ணின வசதி. வாண்டு திருகினது சாயங்காலம் ஏழு மணி வாக்குல. எல்லாரும் சக்கரைப் பொங்கல் சாப்ட்டு, ஊர்க் கதையெல்லாம் பேசிக் கிளம்பிப் போய், நாங்களும் படுத்துத் தூங்கியாச்சு.

ராத்திரி ரெண்டேகால் மணிக்குப் புகை அலாரம் கத்துது.

பாத்ரூம் கதவைத் திறந்தா பிளாஸ்டிக் கருகற நாத்தம். சவுனா கதவுக் கண்ணாடிக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல ஏதோ ஆடுது. அந்தக் கதவைத் திறக்கலை, அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் பண்ணின புத்திசாலித்தனம். மெயினை அணைச்சு, 112க்கு அடிச்சு, பையனைப் போர்வையோட தூக்கிட்டு மைனஸ் 17ல வெறுங்கால்ல மாடிப்படி இறங்கினோம். தீயணைப்புக்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பனி டிரெஸ், ரெண்டு சூட்கேஸ், காகிதக்கூழ்ல செஞ்ச தசாவதாரம் செட் மொத்தமும் போச்சு. மண் பொம்மைங்கற ஒரே காரணத்துக்காகச் செட்டியார் மட்டும் ஒரு பக்கம் கன்னங்கரேல்னு ஆகித் தப்பிச்சார். வந்த தீயணைப்பு வீரர்ல ஒருத்தர் உள்ள எட்டிப் பாத்துட்டு, "இது அடிக்கடி பாக்கறதுதான்"னு சாதாரணமா சொன்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துது. சவுனாவுல சாமான் வைக்காதே, அடுப்பு மேல துணி காயப் போடாதேன்னு இங்க தீயணைப்புத் துறை தொண்டை கிழிய எச்சரிக்கறது அதுக்கப்புறம்தான் என் கண்ணுல பட்டுது.

அதனால இங்க இருக்கற மக்களுக்கு என் கருத்து ரொம்ப சிம்பிள். சவுனாவை சவுனாவா வெச்சுக்கங்க. இல்லே, எனக்கு அலமாரிதான் முக்கியம்னா, வீட்டு ஓனர்கிட்ட சொல்லி எலெக்ட்ரீஷியனை வரவழைச்சு அடுப்போட கரண்டு இணைப்பையே எடுத்துடுங்க. "நாங்கதான் அதைத் தொடறதே இல்லையே"ன்னு நானும்தான் சொல்லிட்டிருந்தேன்.

ரெண்டாவது தப்பு சொந்த வீட்டுல. 2019ல ஒரு பழைய வரிசை வீடு வாங்கினோம். சவுனா இருந்துது, ஆனா அடுப்புக்கு ஆயுசு முடிஞ்சிருந்துது, பெஞ்செல்லாம் கறுத்துக் கிடந்துது. தீ விபத்துக்கு அப்புறம் எனக்குச் சவுனா மேல ஒரு வைராக்கியம் வந்திருந்துது, செஞ்சா ஒழுங்கா செய்யணும்னு. கடைக்குப் போனேன். ஆளுயரத்துக்குக் கல்லை அடுக்கி வெச்ச 9 கிலோவாட் அடுப்பைப் பாத்தேன். பெருசா இருந்தா நல்லதுதானேன்னு (நம்ம கல்யாண மண்டப புத்தி எங்க போகும்) வாங்கிட்டு வந்துட்டேன். மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் ரூமை அளந்து பாத்தார், பழைய வயரைப் பாத்தார், என்னையும் ஒரு தடவை பாத்தார். "மாட்ட மாட்டேன்"னுட்டார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். ஒரு கன மீட்டருக்குச் சுமாரா ஒரு கிலோவாட். என் ரூம் 1.8க்கு 1.6, உயரம் 2.1. ஆக, 6 கன மீட்டர். மரக்கதவு, நல்லா இன்சுலேஷன் பண்ணின மரச்சுவர். அதனால 6 கிலோவாட் போதும். முழுக் கண்ணாடிக் கதவோ, டைல்ஸ் சுவரோ இருந்தா அது சூட்டை உறிஞ்சிடும், அப்ப ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூட ஒன்றரை கன மீட்டர் சேத்துக்கணும். ஏற்கெனவே போட்டிருந்த வயரும் ஃப்யூசும் 6 கிலோவாட்டுக்குத்தான் தாங்கும். 9 வேணும்னா தனியா புது லைன் இழுக்கணும். அதோட பெரிய அடுப்புக்கு சுவர்லேர்ந்து விட வேண்டிய இடைவெளியும் ஜாஸ்தி, என் ரூம்ல அந்த இடமே கிடையாது.

சரி, இடம் இருந்திருந்தா? அப்பவும் தப்புதான். ஒரு நண்பர் வீட்டுல அந்தக் கூத்தைப் பாத்தேன். சின்ன ரூமுக்குப் பெரிய அடுப்பு. காத்து இருவது நிமிஷத்துல 80 டிகிரி ஆயிடுது, தெர்மோஸ்டாட் "ஆச்சுப்பா"ன்னு கரண்டை நிறுத்திடுது. கல்லு பாதிகூட சுடலை. தண்ணி ஊத்தினா ஆவியாகாம கீழ வழிஞ்சு ஓடுது. தலை எரியுது, உடம்பு வேர்க்கலை.

எனக்கு அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. சவுனாங்கறது சூடான ரூம் இல்லைங்க. நல்லா சுட்ட கல்லு மேல ஒரு கரண்டி தண்ணி ஊத்தினதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு அலை கிளம்பி, கூரையைத் தொட்டு, முதுகு வழியா இறங்குமே, அதுக்கு லொய்லுன்னு பேரு. அது இல்லாத சூடு வெறும் வெயில்தான். அதுக்குச் சென்னையே போதும்.

லொய்லு சரியா வர ரெண்டே விஷயம்தான் முக்கியம், ரெண்டும் கடைக்காரர் வாயில வராது. ஒண்ணு உயரம். சூடு மேலதான் நிக்கும், அதனால உக்காந்தா காலே கல்லு மட்டத்துக்கு மேல இருக்கணும்னு இங்க உள்ள பெருசுங்க சொல்வாங்க. மேல் பெஞ்சுக்கும் கூரைக்கும் நடுவுல 110 சென்டிமீட்டர் விட்டா சரியா இருக்கும். என் கூரையே 2.1 மீட்டர்தான், அப்படிக் கணக்கு போட்டா கால் கல்லுக்குக் கீழதான் தொங்கும். என்ன பண்றதுன்னு பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நானும் டேப்பை வெச்சுக்கிட்டு மண்டையைப் பிச்சுக்கிட்டோம். கடைசியில மேல் பெஞ்சை 60 சென்டிமீட்டர் அகலமா போட்டுட்டு, எல்லாரும் சம்மணம் போட்டு உக்காந்துட்டோம். பிரச்சினை தீந்துது. தாத்தாவுக்குத்தான் சம்மணம் வரலை, பாவம் :-)

இன்னொண்ணு காத்து. புதுக் காத்து அடுப்புக்கு மேல வரணும், பழைய காத்து எதிர்ப் பக்கம் பெஞ்சுக்குக் கீழேர்ந்து வெளிய போகணும். மூச்சு முட்டுதுன்னு பாதியில ஓடி வர்றவங்கள்ல பாதிப்பேருக்குச் சூடு பிரச்சினையே இல்லை, காத்தோட்டம்தான் பிரச்சினை. குளிச்சு முடிச்சதும் கதவைத் திறந்து நல்லா உலர விடணும், இல்லேன்னா பூஞ்சை பிடிக்கும். பெஞ்சுக்கு ஆஸ்பென் மாதிரி பிசின் கசியாத மரம் போதும், திருகாணியைக் கீழேர்ந்து முடுக்கணும். மேலேர்ந்து முடுக்கினா உக்காரும்போது எங்கே சூடு வைக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை. கல்லை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்து, பொடிஞ்சதை மாத்தி, நெருக்கியடிக்காம அடுக்கணும். அவ்வளவுதான் பராமரிப்பு.

கரண்டு செலவு என்னன்னு கேப்பீங்க. சூடாக்கறதும் குளிக்கறதும் சேத்து ஒண்ணரை மணி நேரம், 6 கிலோவாட் அடுப்புக்கு அதிகபட்சம் 9 யூனிட். இங்க நிறைய பேருக்கு மணிக்கு மணி மாறற விலையில கரண்டு. 2024 ஜனவரி 5ஆம் தேதி ஒரு யூனிட் 2 யூரோவையும் தாண்டிச்சு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எங்க தெருவே சவுனாவை ஒத்திப் போட்டுது, தங்கமணி அடுப்பைக்கூட யோசிச்சுத்தான் பத்த வெச்சா.

உடம்புக்கு நல்லதான்னு அடுத்த கேள்வி. கிழக்கு பின்லாந்துல 2315 நடுவயசு ஆம்பளைங்களை 20 வருஷம் கவனிச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துது. வாரத்துக்கு 4 தடவையோ அதுக்கு மேலயோ போனவங்களுக்கு, ஒரு தடவை போனவங்களைவிடத் திடீர் மாரடைப்புச் சாவு கம்மி. இதைத்தான் எல்லா விளம்பரத்துலயும் போடறாங்க. ஆனா அது கவனிச்சுப் பாத்த ஆய்வு, சவுனாதான் காரணம்னு அது நிரூபிக்கலை. அதுவும் அவங்க பொறந்ததுலேர்ந்து சவுனாவுல ஊறினவங்க. இதே பின்லாந்துலதான் 2010ல ஹெய்னோலாவுல நடந்த உலக சவுனா போட்டி இறுதிச் சுத்துல, 110 டிகிரியில உக்காந்த ரஷ்யப் போட்டியாளர் செத்துப் போனார். அதோட அந்தப் போட்டியையே மூடிட்டாங்க. இருதய வியாதி, பிரஷர், கர்ப்பம்னு எது இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம உள்ள போகாதீங்க. சரக்கு அடிச்சுட்டுப் போகவே போகாதீங்க. பெண்களுக்கு ஒண்ணு: தங்கம் சுடும். தங்கமணி முதல் நாள் தாலிச் செயினோட போயிட்டு அலறிட்டு வந்தா. இப்ப சவுனா நாள்ல மஞ்சள் கயிறுதான்.

சென்னை நண்பா, நீ கேட்டியே அந்த இன்ஃப்ராரெட் பெட்டி, அதுல கல்லும் கிடையாது, தண்ணியும் ஊத்த முடியாது. 50 டிகிரி வாக்குல உடம்பை நேரா சுட வைக்கும். மூட்டு வலிக்கு இதமா இருக்குன்னா வாங்கிக்கோ, நான் குறுக்க நிக்கலை. ஆனா அது ஒத்தடம், சவுனா வேது. ஒத்தடம் கொடுத்துட்டு வேது பிடிச்சேன்னு சொல்லாதே. நிஜ சவுனாவே வெச்சாலும், அதுல பாதி சுகம் வெளிய வந்து ஜில்லுன்னு நிக்கறதுலதான். மே மாசம் உன் பால்கனியில வந்து நின்னா மறுபடியும் உள்ளயே போயிடலாம்னு தோணும்.

போன வருஷம் அப்பா வந்திருந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிடறவர், ஊர்லயே டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வந்தார். இங்கயும் சனிக்கிழமைதான் சவுனா நாள்னு சொன்னதும் ஒரே சந்தோஷம். நல்லெண்ணெய் பாட்டிலோட வந்து நிக்கறார். பெஞ்செல்லாம் கறை ஆயிடும்பான்னு கெஞ்சி வாங்கி வெச்சேன். ஈரிழைத் துண்டை விரிச்சுக் கீழ் பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காந்தார். கரண்டியைக் கையில கொடுத்தேன். கல்லு மேல ஒரு தடவை ஊத்திட்டு, அந்த அலை முதுகுல இறங்கினதும் கண்ணை மூடிக்கிட்டார். வெளிய வந்து, "நாளைக்கும் உண்டா?"ன்னார்.

கொலு பொம்மையெல்லாம் இப்ப தனி ஸ்டோர் ரூம்ல இருக்கு. ஒரு பக்கம் கருகின செட்டியாரைப் போன நவராத்திரிக்கும் நடுப்படியில வெச்சோம், வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க, நானும் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். அதுல ரெண்டு பேர் பாதியிலயே எழுந்து, வீட்டுக்குப் போன் போட்டு, "சவுனாவுல அந்தக் குமிழ் எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாரேன்"னாங்க.

உங்க வீட்டு சவுனாக்குள்ள இப்ப என்ன இருக்கு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.