விளையாட்டாம்!

பட்டிப்பொலப் பகுதித் தோட்டத் தமிழன் பேருந்தில் "கள்ளத்தோணி" என ஏசப்பட்டதை நாம் எடுத்துரைத்தால் கொழும்பு நண்பர்கள் நகைக்கின்றனர். "விளையாட்டாகச் சொல்லியிருப்பான், இதில் இனம் எங்கே வந்தது?" என்கின்றனர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலும் இனத்தின் பெயர் இல்லைதான்! தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது, அவ்வளவே. லயன் அறையிற் பிறந்தவன் சான்றுக்கு எங்கே போவான்? 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. இங்கு எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதுவும் விளையாட்டோ?

யாழ்ப்பாணத்து நண்பர்களே, நீங்களுமா நகைக்கிறீர்கள்? 1949இல் தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிபோனபோது நமக்கென்ன என்றிருந்த தமிழரும் உண்டு. ஏழே ஆண்டில், 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் அவர்கள் வாசலுக்கே வந்தது.